பெட்டி இருந்தது கையிலா, ஸ்டாண்டிலா

1

இது கதையாகப் பிறக்கவில்லை. நகர சுகாதார அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி தொலைபேசியில் அழைத்து, "நீங்க பார்த்ததை அப்படியே எழுதிக் குடுங்க சார், ஒரு பக்கம் போதும்" என்றார். எழுதினேன், ஒரு பக்கம் வந்தது. அது பிடிக்காமல் மறுபடி எழுதினேன், ஒன்றரைப் பக்கம் வந்தது. மூன்றாவது முறை எழுதியபோது அதில் இரண்டு பேர் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அரசாங்க அலுவலகத்துக்குக் கொடுக்கும் தாளில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்பது அதற்கப்புறம்தான் எனக்கு உறைத்தது.

ஆகவே இது கெட்டுப்போன ஒரு சாட்சியம். கதை என்று வைத்துக்கொண்டால் உங்களுக்கும் சௌகரியம், எனக்கும் சௌகரியம்.

விஷயம் சின்னதுதான். ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தின் கதவில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். அது அங்கேயே இருக்குமா, கிழிக்கப்படுமா என்பது நான் எழுத வேண்டிய ஒரே ஒரு வரியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்த வரியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எழுதிவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "அன்றைக்குக் காலையிலிருந்தே மழை"

(மழை பெய்ததா என்று எனக்கு நினைவில்லை. மழையில் தொடங்கினால் நம்புவார்கள் என்று கைக்கு ஒரு பழக்கம்.)

இரண்டாவது தொடக்கம்: "மனிதன் என்பவன் அடிப்படையில் மூச்சு விடுகிற"

(இந்த வாக்கியத்தை இங்கேயே இறக்கிவிடுகிறேன். இதற்கு மேல் இதில் ஏறிப்போக ஊர் எதுவும் இல்லை.)

மூன்றாவது, நேராகவே சொல்லிவிடுகிறேன். போன முறை காய்ச்சல் நகரத்தை ஒரு புரட்டு புரட்டிவிட்டுப் போன பிறகு புதிதாக ஒரு விதி வந்தது. நாலு பேர் கூடி வேலை செய்யும் எந்த மூடிய அறையிலும் காற்றை அளக்க வேண்டும். அளப்பதற்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி. நாம் வெளியே விட்ட மூச்சு அறையைவிட்டுப் போகாமல் எவ்வளவு தேங்கிக் கிடக்கிறது என்பதை அது எண்ணாகக் காட்டும்.* எண் ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டினால் கதவில் சிவப்பு ஸ்டிக்கர். காற்றுக்கு வழி செய்து, மறுபடி அளந்து தேறும்வரை அந்த அறையில் வேலை கிடையாது.

பெட்டியை வைப்பதற்கும் ஒரு விதி உண்டு. அதை ஒரு ஸ்டாண்டில், யார் வாய்க்கும் கிட்டத்தில் இல்லாமல் வைக்க வேண்டும். கையில் பிடித்துக்கொண்டு அளந்தால் அது அறையை அளக்காது, பிடித்திருப்பவரின் மூச்சைத்தான் அளக்கும். அந்த அளவு செல்லாது.

இந்தக் கதை முழுக்க அந்தக் கடைசி விதியின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

* அடுத்தவர் எச்சில் பண்ணிய தம்ளரை அப்படியே நீட்டினால் முகம் சுளிக்கிறோம். அடுத்தவர் நுரையீரலைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த காற்றை மட்டும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்கிறோம். கண்ணுக்குத் தெரியாததற்கு நாம் காட்டும் மரியாதையே தனி.

3

ஆட்கள் மூன்று பேர்தான்.

அளக்கப் போகிற பெண்மணியை ஊர் 'ஜன்னலம்மா' என்று கூப்பிடுகிறது. எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதல் வார்த்தை "ஜன்னல் எங்க?" என்பதுதான் என்பதால் வந்த பெயர். அவருடைய கணவர் ஒலிப்பதிவாளர். கூடத்தில் எல்லோருக்கும் அவர் 'உஷ் அண்ணன்'. யார் நாற்காலியை நகர்த்தினாலும், தொண்டையைச் செருமினாலும் அவரிடமிருந்து ஓர் "உஷ்" வரும். ஒருவர் ஜன்னலைத் திறந்து பிழைக்கிறவர், இன்னொருவர் ஜன்னலே இல்லாமல் பிழைக்கிறவர். (இவ்வளவு பொருத்தமாக ஒரு ஜோடியை நானாகக் கற்பனை செய்திருந்தால், செயற்கையாக இருக்கிறது என்று வெட்டியிருப்பேன்.)

மூன்றாமவர் அணிலக்கா. ஐம்பது வயதைத் தாண்டியவர். தொலைக்காட்சியில் வரும் கார்ட்டூன் அணிலுக்குக் குரல் கொடுக்கிறவர். போன காய்ச்சலில் ஆக்சிஜன் வைத்துப் பிழைத்தார். அதற்கப்புறம் மூச்சு பழைய மாதிரி நீள்வதில்லை. எனவே அணில் இப்போது சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுகிறது. அது அணிலின் குணம் என்று குழந்தைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கூடம் ஒரு கட்டடத்தின் நிலவறையில் இருக்கிறது. மேலே செருப்புக் கடை, அதற்கு மேலே பல் மருத்துவமனை. பேசுகிற அறைக்கு அடுத்தடுத்து இரண்டு கதவுகள், சுவர் முழுக்க ஃபோம். ஒலிப்பதிவு நடக்கும்போது ஏசியையும் நிறுத்திவிடுவார்கள், அதன் உறுமல் மைக்கில் விழும் என்பதால். அந்த அறையில் நாலு பேர் நின்று கூட்டக் காட்சிக்குக் கத்துவார்கள்.

நான் அங்கே போனது வேறு காரியமாக. என் பழைய நாவல் ஒன்றை ஒலிப்புத்தகமாக்க, என்னையே படிக்கச் சொல்லியிருந்தார்கள். என் முறைக்காகக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், பொத்தான் பலகை இருக்கும் அறையில் காத்திருந்தேன். அணிலக்காவும் மற்ற மூவரும் டீ குடிக்க மேலே போனார்கள். ஜன்னலம்மா பெட்டியோடு வந்தார். கணவனும் மனைவியும் பேசும் அறைக்குள் போனார்கள். இரண்டு கதவும் மூடின. மைக்குகளை உஷ் அண்ணன் ஏற்கெனவே அணைத்திருந்தார்.

அதற்குப் பிறகு நான் பார்த்தது: இரண்டு வாய்கள் திறந்து திறந்து மூடின, கழுத்து நரம்பு புடைத்தது, ஒரு விரல் கூரையைக் காட்டியது. சத்தம் ஒரு துளிகூட வரவில்லை. நான் அமைதியை விரும்பி வாழ்கிற ஆள். சொன்னால் தவறாக நினைக்கக் கூடாது, அவ்வளவு அழகான ஒரு சண்டையை நான் பார்த்ததேயில்லை.

வெளியே வந்து ஜன்னலம்மா சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டினார். எண் ஆயிரத்து எண்ணூறைத் தாண்டியிருந்தது.

4

கேட்காத பேச்சை எழுதுவது என் தொழில். எழுதினேன்.

"நீங்கள் என்னை ஓர் அதிகாரியாக மதிக்கவில்லை!"

"நீ என்னை ஒரு கணவனாக மதிக்கவில்லை!"

(எந்த வீட்டில் இப்படிப் பேசுகிறார்கள்? அடித்தாயிற்று.)

மறுபடி:

"ஏங்க, ஒரே ஒரு ஜன்னலாவது வெச்சிருக்கலாம்ல?"

"ரெக்கார்டிங் ரூம்ல ஜன்னலா? மீன் தொட்டியில ஓட்டை போடச் சொல்ற மாதிரி இருக்கு."

"மீனுக்கே குழாய் போட்டுக் காத்து விடுறாங்க. உங்க ரூம்ல இருக்கறவங்க மீனைவிடக் கேவலமா?"

(இது நன்றாக இருக்கிறது. நன்றாக இருப்பதாலேயே அவர்கள் இதைச் சொல்லியிருக்க வாய்ப்பில்லை.)

இப்படி நாலைந்து விதமாக எழுதி வைத்திருந்தபோதுதான் உஷ் அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். கதவைக்கூடச் சத்தமில்லாமல் தட்டுகிற மனிதர்.

"சார், அது அளவே இல்ல. சண்டை," என்றார். "செல்லாதுன்னு ஆபீஸ்ல எழுதிக் குடுத்திருக்கேன். நீங்கதான் சாட்சி."

"எதைப் பத்தி?"

"வீட்டுல ஜன்னலைத் தொறந்து போட்டுப் படுக்கறதா, மூடிப் படுக்கறதான்னு. கல்யாணம் ஆனதுலேர்ந்து ஓடிட்டிருக்கு. அன்னிக்கு அந்த ரூம்ல வெச்சு மறுபடி ஆரம்பிச்சா. பொட்டியைக் கையில புடிச்சுக்கிட்டு என் மூஞ்சிக்கு நேரா ஆட்டினா சார். அது ரூமையா அளந்துச்சு? என் கோபத்தை அளந்துச்சு."

"மறுபடி அளக்கச் சொல்லலாமே?"

"கேக்காம இருப்பேனா? ஊர்ல திரும்பக் காய்ச்சல் கிளம்பியிருக்கு. அளக்கற ஆளுங்கள்ல பாதிப் பேர் படுத்துட்டாங்க. ஆறு வாரம் ஆகும்ங்கறாங்க. அதுவரைக்கும் அணில் காத்திருக்குமா? கார்ட்டூன்காரங்க வேற இடம் பார்த்துட்டாங்க. ஏதோ ஒரு பழைய குடோன். அங்க இன்னும் எந்தப் பொட்டியும் எட்டிப் பாக்கலை." போகக் கிளம்பி, வாசலில் நின்றார். "நாங்க அஞ்சு பேர் சார் அந்த ரூமை நம்பி இருக்கறது."

அன்று மாலையே ஜன்னலம்மா தொலைபேசியில் வந்தார்.

"சார், அவர் வந்து சண்டைன்னு சொல்லியிருப்பாரே?"

"சொன்னார்."

"அது சோதனை சார். அந்த நாலு பேரும் டீக்குப் போயிட்டாங்க. ஆள் இல்லாத ரூமை அளந்து என்ன பண்றது? வழக்கமா அங்க எவ்வளவு மூச்சு விழுமோ அவ்வளவு விழணும்ல. அதான் 'கொஞ்சம் கத்துங்க'ன்னு அவர்கிட்ட சொன்னேன். நானும் கத்தினேன். அவர் கொஞ்சம் மனசோட கத்திட்டார், அவ்வளவுதான்."

"பெட்டி எங்க இருந்துச்சு?"

"ஸ்டாண்டுல. வசனப் பேப்பர் வெப்பாங்களே, அதுல."

"உங்க கணவர் கூடத்துக்கு உங்களையே அனுப்பலாமா?"

"வேணாம்னுதான் சொன்னேன். ஆள் இல்ல, போயிட்டு வாங்கன்னுட்டாங்க. சொந்தக்காரர்னு விட்டிருந்தா ஊர் பேசும். விடலைன்னதும் வீடு பேசுது. ரெண்டு நாளா எங்க வீட்டுல ஜன்னல் மட்டும்தான் சார் திறந்திருக்கு, வேற யாரும் வாயைத் திறக்கறதில்லை."

(இந்தக் கடைசி வரியை நான் சேர்க்கவில்லை. அவர் சொன்னதேதான். எனக்கே பொறாமையாக இருந்தது.)

5

ஆக, கேள்வி எளிமையாகிவிட்டது. சண்டையோ சோதனையோ, அதைக் கண்டுபிடிக்க வேண்டியதுகூட இல்லை. பெட்டி கையில் இருந்ததா, ஸ்டாண்டில் இருந்ததா? கண்ணால் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

சிரிக்காதீர்கள். எனக்குத் தெரியவில்லை.

முதல் நாள் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு அந்தக் காட்சியை ஐந்து விதமாக எழுதிவிட்டேன். ஒன்றில், பேச்சு சூடு பிடிக்கட்டும் என்று பெட்டியை ஜன்னலம்மா கையில் கொடுத்தேன். இன்னொன்றில், கைகளை வீச இடம் வேண்டும் என்று ஸ்டாண்டில் வைத்தேன். ஒன்றில் அது கீழே விழுந்து உடைந்தே போனது. (உடையவில்லை. அவர்கள் வெளியே வந்தபோது அது முழுசாக இருந்ததை நானே பார்த்தேன்.) இப்போது கண்ணை மூடினால் ஐந்தும் வருகின்றன, ஒரே வெளிச்சத்தோடு, ஒரே துல்லியத்தோடு. நடந்தது அதில் எது என்று கேட்டால், எல்லாம் கையைத் தூக்குகின்றன.

அதிகாரியிடம் சொல்லிப் பார்த்தேன்.

"தெரியலைன்னு எழுதலாமா?"

"எழுதலாம் சார். கையிலன்னா ஸ்டிக்கரைக் கிழிச்சிருவோம். ஸ்டாண்டுலன்னா அப்படியே இருக்கும். தெரியலைன்னா ஃபைல் மேல போகும். மேல போனா எப்ப கீழ வரும்னு எனக்கும் தெரியலைன்னுதான் எழுதணும்."

6

முடிவுகள்.

முடிவு ஒன்று. 'கையில்' என்று எழுதுகிறேன். திங்கட்கிழமை அணிலக்கா அந்தப் படிக்கட்டில் இறங்குகிறார். இரண்டு கதவும் மூடுகின்றன. ஏசி நிற்கிறது. நாலு பேரில் ஒருவருக்குத் தொண்டை லேசாகக் கரகரக்கிறது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் அவர் அன்றைக்குப் பேசுவது ஒரு தவளைக்கு. (இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.)

முடிவு இரண்டு. 'ஸ்டாண்டில்' என்று எழுதுகிறேன். அணில் குடோனுக்குப் போகிறது. கூடவே அணிலக்காவும் போகிறார். அளக்கப்பட்ட கெட்ட காற்றிலிருந்து அளக்கப்படாத கெட்ட காற்றுக்கு. கதவில் ஸ்டிக்கர் சிவப்பாக, பெருமையாக இருக்கிறது.

முடிவு மூன்று. நிலவறையிலிருந்து தெருமட்டத்துக்கு அகலமான ஒரு காற்றுக்குழாய். உள்ளே ஃபோம் ஒட்டி, வளைத்து வளைத்துக் கொண்டுவந்தால் காற்று வரும், சத்தம் வழியிலேயே செத்துவிடும். இப்படி ஒன்று உண்டு என்று இருவருமே தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதாகத் தெரியவில்லை.

 நகரங்களை அடுத்த கொள்ளைநோயிலிருந்து காப்பாற்றப்போவது பெரும்பாலும் குழாய்கள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. காற்றுக்குழாய், சாக்கடைக்குழாய், குடிநீர்க்குழாய். ஆனால் குழாயைக் கதாநாயகனாக வைத்து எழுதினால் பதிப்பாளர் என்ன சொல்வார் என்பதும் தெரியும்.

7

வேறு வழி தெரியாமல் மூன்று பேரையும் வீட்டுக்கு அழைத்தேன். நடந்ததை நடித்துக் காட்டச் சொன்னால் ஒருவேளை எனக்கு ஞாபகம் வரலாம். அணிலக்கா மாடிப்படி ஏறி வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கையை உயர்த்தி 'இருங்க' என்று காட்டினார். பேச மூச்சு சேரும்வரை நாங்கள் மூவரும் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தோம்.

பெட்டிக்குப் பதில் ஜன்னலம்மா கையில் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். கண்ணாடிக்குப் பதில் நான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டேன்.

"ஆரம்பிங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"என்ன பேசினோம்?" என்றார் உஷ் அண்ணன்.

"எனக்கென்ன தெரியும்? நீங்கதான சண்டைன்னு சொன்னீங்க. சண்டை போடுங்க."

"திடீர்னு போடுன்னா எப்படிப் போடறது?"

நான் பஞ்சை எடுத்துவிட்டு, நிலைமையைச் சமாளிக்க, குழாய் பற்றிச் சொன்னேன். அவ்வளவுதான்.

"நாலு வளைவு வெச்சு இறக்கினா ஒரு பொட்டுச் சத்தம் வராது சார்," என்றார் உஷ் அண்ணன்.

"நாலு வளைவு வெச்சா ஒரு பொட்டுக் காத்தும் வராது. ரெண்டு போதும்."

"ரெண்டு வெச்சா பல் ஆஸ்பத்திரி மெஷின் சத்தம் அணில் வாயில கேக்கும்."

"கேக்கட்டுமே. அணிலுக்குப் பல்லு முக்கியம்."

"உனக்கு எல்லாம் விளையாட்டு!"

"எனக்கா விளையாட்டு? போன காய்ச்சல்ல நீங்க ஆஸ்பத்திரி வராந்தாவுல படுக்கை இல்லாம உட்கார்ந்திருந்தப்ப, யாருங்க கதவு கதவாத் தட்டினது? அப்ப ஒருத்தர்கிட்டயாவது விளையாடினேனா?"

பஞ்சைத் திரும்ப வைக்க மறந்துபோனேன். ஜன்னலம்மாவின் இரண்டு கைகளும் காற்றில் கதவுகளைத் தட்டிக்கொண்டிருந்தன. உஷ் அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், அப்படியே நின்றுவிட்டார். மேஜையைப் பார்த்தார். தண்ணீர் பாட்டில் அங்கே இருந்தது. ஜன்னலம்மா அதை எப்போது வைத்தார் என்று நான் கவனிக்கவில்லை.

"இவளுக்குச் சண்டைன்னா ரெண்டு கையும் வேணும் சார்," என்றார் மெதுவாக. "எப்பவுமே அப்படித்தான். கையில குழம்புக் கரண்டி இருந்தாக்கூடக் கீழ வெச்சுட்டுத்தான்..."

சொன்ன பிறகுதான், தான் என்ன சொல்லியிருக்கிறோம் என்று அவருக்குப் புரிந்தது. சண்டையாக இருந்தால் பெட்டி ஸ்டாண்டில். சோதனையாக இருந்தாலும் ஸ்டாண்டில். தன் வழக்கை, தன் மனைவியைத் தெரிந்துவைத்திருந்த பாவத்துக்காக, அவரே தோற்றுவிட்டார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கிறீச்சென்று சத்தம் வந்தது. அவர் உஷ் என்று சொல்லவில்லை.

நான் பேனாவை எடுத்தேன்.

"இருங்க சார்," என்றார் ஜன்னலம்மா. பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க என் கையைத்தான் பார்க்கறீங்கன்னு எனக்குத் தெரியும். நான் தன்னால வெச்சேனா, நீங்க பார்க்கணும்னு வெச்சேனா, எனக்கே சரியாத் தெரியலை."

பேனாவை வைத்துவிட்டேன்.

8

"ரெண்டு பேரும் முடிச்சாச்சா?" என்றார் அணிலக்கா. "எனக்காக இவ்வளவு பேசறீங்க. என்னை யாராவது. ஒரு வார்த்தை. கேட்டீங்களா?"

யாரும் கேட்டிருக்கவில்லை. நானும்தான்.

"நான் திங்கக்கிழமை வேலைக்குப் போவேன் தம்பி. ரூம் திறந்தா அங்க. இல்லைன்னா குடோன். எனக்கு வேலை வேணும்."

"உங்களுக்காகத்தானே அக்கா ஸ்டிக்கரே ஒட்டினேன்," என்றார் ஜன்னலம்மா.

"எனக்காகன்னா. என்னைக் கேட்டுட்டு ஒட்டியிருக்கணும்."

"உங்களுக்கு மட்டும்னா கேட்டிருப்பேன் அக்கா. கால்ல விழுந்துகூடக் கேட்டிருப்பேன். நீங்க அந்த ரூம்ல வாங்கிக்கிட்டுப் போனா, வீட்டுல உங்க பேத்தி. அவ ஸ்கூலு. நீங்க ஏறுற பஸ்ஸு. அந்த பஸ்ஸுல வர்றவங்க வீடு. அத்தனை பேர்கிட்டயும் கேட்டுட்டு ஒட்டணும்னா எப்ப ஒட்டறது? ஊரையே கேக்க முடியுமா?"

அணிலக்கா மறுபடி ஒரு கையை உயர்த்தி 'இருங்க' என்று காட்டினார். மூச்சு போதாமலா, பதில் இல்லாமலா என்று முகத்திலிருந்து தெரியவில்லை. உஷ் அண்ணன் எழுந்துபோய் அவருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். கொடுத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "மூணு வளைவு" என்றார்.

"மூணுன்னா யோசிக்கலாம்," என்றார் ஜன்னலம்மா. "ஆனா எத்தனை நாள் ஆகும்?"

"ஆறு வாரமாவது ஆகும்."

"கார்ட்டூன்காரங்க நிப்பாங்களா?"

அவர் அணிலக்காவிடமிருந்து காலி தம்ளரை வாங்கி மேஜையில் வைத்தார்.

9

அவர்கள் போய்விட்டார்கள். நாளைக் காலையில் தாள் அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

ஊரையே கேட்க முடியாது என்று ஜன்னலம்மா சொன்னது சரி. அவருக்கு நேரம் கிடையாது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்கு ஓட வேண்டும். எனக்கு அந்த அவசரம் இல்லை. ஊர் முழுக்கக் கேட்க என்னாலும் முடியாதுதான். ஆனால் இவ்வளவு தூரம் படித்துக்கொண்டு வந்த உங்களை மட்டும் கேட்க முடியும்.

நீங்களும் அந்த ஊர்தான். மேலே இருக்கிற கடையில் செருப்பு வாங்கியிருப்பீர்கள். அணிலக்காவுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து பஸ்ஸில் போயிருப்பீர்கள். உங்கள் வீட்டுக் குழந்தை அந்த அணிலைப் பார்க்காமல் சாப்பிட மறுத்திருக்கும். நான் பார்த்ததை எல்லாம் நீங்களும் பார்த்துவிட்டீர்கள், என்னைவிடக் கூடுதலாகவே, ஏனென்றால் உங்கள் கண் இன்னும் கெட்டுப்போகவில்லை. ஒரு சொல் எழுதினால் அணிலக்கா அந்தப் படிக்கட்டில் இறங்குவார். இன்னொரு சொல் எழுதினால் வேறொரு படிக்கட்டில் இறங்குவார், அல்லது வீட்டிலேயே இருப்பார். அவர் எதை விரும்புகிறார் என்று உங்களுக்குத் தெரியும். அவருடைய பேத்தி எதை விரும்புவாள் என்று யாரும் கேட்கவில்லை என்பதும் தெரியும்.

மற்றதெல்லாம் எழுதியாயிற்று. கீழே கையெழுத்தும் போட்டுவிட்டேன். நடுவில் ஒரு சொல்லுக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன்.

பெட்டி .................... இருந்தது.